இணையச் சதுரங்கத்தில் புதியவர் முன்னேறுவதற்கான வழிகாட்டி

இணையத்தில் சதுரங்கம் ஆடத் தொடங்கும் பலர் முதல் சில வாரங்களில் விரைவாகத் தேறிவிட்டு, அதன்பின் மாதக்கணக்கில் ஒரே நிலையில் தங்கிவிடுகிறார்கள். நாள்தோறும் ஆடுகிறார்கள், நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன, ஆயினும் முதல் மாதத்தில் ராணியை இழந்த அதே விதத்தில்தான் ஆறாம் மாதத்திலும் இழக்கிறார்கள். இதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருப்பது அரிது. ஆட்டம் முடிந்த நொடியிலேயே அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான் திரையில் வந்து நிற்கிறது. தோற்ற எரிச்சலில் அதை அழுத்திவிடுகிறோம். எங்கே தவறினோம் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் புதிய பலகையில் முதல் சிப்பாய் நகர்ந்துவிடுகிறது. இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் இருக்க வேண்டிய அந்தப் பத்து நிமிடத்தை மீட்டுக்கொள்வதே தொடக்க நிலையில் முன்னேற்றத்தின் பெரும்பகுதி என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் பலவும் அந்தப் பத்து நிமிடத்துக்கு வேண்டிய ஆயத்தங்களே.

காய்கள் நகரும் விதமும் செக்மேட் என்றால் என்ன என்பதும் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மூலையில் நின்று நேர்க்கோட்டில் செல்லும் காயை யானை என்றும், குறுக்குக்கோட்டில் செல்லும் காயை மந்திரி என்றும் குறிப்பிடுகிறேன். வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை எட்டு நெடுவரிசைகள், வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எட்டுக் கிடைவரிசைகள்; ஆகவே வெள்ளை ராஜா தொடக்கத்தில் நிற்கும் கட்டம் இ1. ஒரு கட்டத்தின் பெயரைப் படித்தவுடன் அது பலகையில் எங்கே இருக்கிறது என்று தோன்றும் அளவுக்கு இந்தப் பெயர்களைப் பழகிக்கொள்ள வேண்டும். லிசெஸ் தளத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பகுதி இருக்கிறது. நாளுக்குச் சில நிமிடங்கள் அதில் செலவிட்டால் பிற்காலத்தில் எந்தப் பாடத்தைப் படிப்பதும் எளிதாகும்.

தளமும் ஆட்ட நேரமும்

லிசெஸ், செஸ்.காம் ஆகிய இரண்டு தளங்களில்தான் பெரும்பாலோர் ஆடுகிறார்கள். லிசெஸ் 2010இல் பிரான்சைச் சேர்ந்த திபோ துப்லெஸி தொடங்கியது. விளம்பரமும் கட்டணமும் இல்லாமல், நன்கொடைகளைக் கொண்டு நடக்கும் லாபநோக்கற்ற தளம். புதிர்கள், எஞ்சின் (நகர்வுகளைக் கணக்கிடும் கணினி நிரல்) கொண்டு செய்யும் ஆய்வு, பாடங்கள் ஆகிய அனைத்தும் அங்கே இலவசம். செஸ்.காமில் பாடங்களும் காணொளிகளும் மிகுதி, ஆனால் கட்டணம் செலுத்தாத கணக்குகளுக்கு ஆட்ட ஆய்வுக்கும் புதிர்களுக்கும் வரம்பு உண்டு. எதைத் தேர்ந்தாலும் ஒன்றிலேயே நிலைத்திருங்கள். உங்கள் ஆட்டங்கள் அனைத்தும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால்தான் பிறகு அவற்றைத் தேடிப் படிக்க முடியும். பணம் செலவழிக்கும் எண்ணமில்லாத மாணவருக்கு லிசெஸ் முழுமையாகப் போதும் என்பேன்.

தளத்தைவிட முக்கியமானது ஆட்ட நேரம். ஒரு நிமிட புல்லட்டும் மூன்று நிமிட பிளிட்ஸும் புதியவரைக் கவர்ந்திழுக்கின்றன, ஏனெனில் அவை விரைவில் முடிகின்றன. ஆனால் யோசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய காலத்தில் யோசிக்கவே இடம் தராத ஆட்டத்தை ஆடுவதால், ஏற்கெனவே உள்ள பழக்கங்கள், தவறானவையும் சேர்த்து, இறுகிப்போகின்றன. ஆளுக்குப் பதினைந்து நிமிடமும் நகர்வு ஒன்றுக்குப் பத்து நொடி கூடுதலும் கொண்ட ஆட்டத்தையே புதியவருக்குப் பரிந்துரைக்கிறேன். தொடக்க நேரத்தோடு நாற்பது நகர்வுகளுக்கான கூடுதல் நொடிகளைச் சேர்த்து லிசெஸ் ஆட்டத்தின் வகையை முடிவுசெய்கிறது. அந்தக் கணக்கின்படி இது ஆளுக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடம் வரும் ராபிட் ஆட்டம். கூடுதல் நொடிகள் இருப்பதால், வெல்லும் நிலையில் இருந்தும் கடிகாரம் ஓடித் தோற்கும் அவலமும் குறையும். அவ்வளவு நேரம் கிடைக்காத நாளில் பத்து நிமிட ஆட்டம் ஒன்று ஆடலாம். அதற்கும் கீழே இறங்க வேண்டாம்.

விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் சென்னையின் தால் சதுரங்க மன்றத்தில் பிளிட்ஸ் ஆடித்தானே வளர்ந்தார் என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே அவருக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் அனுபவமிக்க ஆட்டக்காரர்கள். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். எழுந்தவர் சுற்றி நின்று மற்றவர் ஆட்டத்தைப் பார்க்கவும் பேசவும் செய்தார். வீட்டில் தனியே கைப்பேசியை வைத்துக்கொண்டு ஆடுபவருக்கு அந்தச் சூழல் இல்லை. தவறைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லாத இடத்தில், அதைக் கண்டுபிடிப்பதற்கான நேரமாவது இருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் சில அமைப்புகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டு தளங்களிலும், நகர்த்திய பிறகு ஒருமுறை உறுதிசெய்தால் மட்டுமே நகர்வு செல்லுபடியாகும்படி வைத்துக்கொள்ள முடியும். சிறிய திரையில் விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டத்தில் விழுந்த ராணிகள் ஏராளம் என்பதால் கைப்பேசியில் ஆடுபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கூடவே, நகர்த்தும் முன் ஒரு கணம் தாமதிக்கும் பழக்கத்தையும் இது கற்றுத் தருகிறது. கணினி கிடைக்குமானால் அதிலேயே ஆடுங்கள். எதிராளியின் ரேட்டிங்கை, அதாவது ஆட்ட வலிமையைக் குறிக்கும் எண்ணை, கண்டாலே பதற்றம் கொள்பவர்கள் லிசெஸில் ரேட்டிங் தெரியாதபடி மறைத்துவைக்கலாம்.

ஒவ்வொரு நகர்வுக்கும் முன்பு

தொடக்க நிலை ஆட்டங்களின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: காப்பில்லாமல் விடப்பட்ட காய். சிப்பாயின் மதிப்பு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்ற வழக்கமான கணக்கை வைத்துப் பார்த்தால், ஒரு குதிரையைச் சும்மா கொடுப்பது மூன்று சிப்பாய்களைக் கொடுப்பதற்குச் சமம். இருபது நகர்வு வரை எத்தனை நயமாகத் திட்டமிட்டாலும், அந்த ஒரு கவனக்குறைவு அத்தனையையும் அழித்துவிடும். ஆகவே திறப்பாட்ட நுணுக்கங்களையும் மேதைகளின் ஆட்டங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காயைச் சும்மா விடாமல் இருப்பதே முதற்பாடம்.

எதிராளி நகர்த்தியவுடன் கேட்க வேண்டிய கேள்வி, அவர் ஏன் அங்கே நகர்த்தினார் என்பது. நகர்ந்த காய் புதிதாக எந்தக் கட்டங்களைத் தாக்குகிறது என்று பாருங்கள். அது விட்டுவந்த இடத்தின் வழியாக வேறு காய் எதற்கேனும் கோடு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். குதிரை நகர்ந்த பரபரப்பில் கண் குதிரையையே தொடர்கிறது, அதன் பின்னால் நின்ற மந்திரி இப்போது நம் யானையைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிவதில்லை.

உங்கள் நகர்வைத் தேர்ந்த பிறகு, கையை எடுத்துவைக்கும் முன், அந்தக் காய் ஏற்கெனவே அங்கே வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு எதிராளியின் இடத்தில் இருந்து பலகையைப் பாருங்கள். அவரால் செக் கொடுக்க முடிகிறதா, எதையாவது வெட்ட முடிகிறதா, அடுத்த நகர்வில் எதையாவது மிரட்ட முடிகிறதா என்ற மூன்றையும் இதே வரிசையில் தேட வேண்டும். நான் நகர்த்தப்போகும் காய் இதுவரை வேறொரு காயைக் காத்துக்கொண்டிருந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்கள் இது சலிப்பூட்டும். ஒரு நகர்வுக்கு அரை நிமிடமாவது பிடிக்கும். அதற்காகத்தான் பதினைந்து நிமிட ஆட்டம். பழகப் பழக, இந்தக் கேள்விகளைக் கேட்டதே தெரியாமல் விடை மட்டும் மனத்தில் வந்து நிற்கும்.

இரண்டு அமைப்புகளை மட்டும் முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் புதியவர்களின் ஆட்டங்களில் இவை மீண்டும் மீண்டும் வருகின்றன. வெள்ளைக் குதிரை பி5இல் வந்து நின்றால் அதன் கண் சி7மீது இருக்கிறது. அங்கே அது இறங்கினால் இ8இல் உள்ள ராஜாவுக்குச் செக், அதே நேரத்தில் ஏ8இல் உள்ள யானைக்கும் தாக்குதல், ராஜா விலகியதும் யானை போய்விடும். மற்றொன்று கடைசி வரிசை மேட். கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) செய்த ராஜாவின் முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையாமல் நின்றால், எதிராளியின் யானையோ ராணியோ கடைசி வரிசையில் இறங்கியதும் ராஜாவுக்குப் போக்கிடம் இருக்காது. பதற்றமற்ற ஒரு தருணத்தில் எச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே நகர்த்தி வைத்தால் பெரும்பாலும் அந்த அபாயம் தீரும்.

எதிராளி ஒரு காயைக் காப்பில்லாமல் விட்டிருப்பதாகத் தோன்றும்போது கேள்வி இன்னும் கூர்மையாக வேண்டும். இணையத்தில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு பொறியை எடுத்துக்கொள்வோம். இரு தரப்பும் ராஜாவின் சிப்பாயை இ4, இ5 என நகர்த்துகின்றன. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை மந்திரி சி4. இப்போது கறுப்பு தன் குதிரையை டி4க்கு எடுத்துச்செல்கிறது. இ5 சிப்பாயைக் காத்துவந்த குதிரை விலகிவிட்டதால் அந்தச் சிப்பாய் சும்மா கிடப்பதாகத் தெரிகிறது. வெள்ளைக் குதிரை அதை வெட்டுகிறது. கறுப்பு ராணி ஜி5க்கு வந்து, அந்தக் குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒருசேரத் தாக்குகிறது. ஆசை அடங்காத வெள்ளை குதிரையால் எஃப்7இல் வெட்டி, ராணியையும் எச்8 யானையையும் ஒருசேரக் குறிவைத்தால், கறுப்பு ராணி ஜி2வை வெட்டுகிறது. வெள்ளை யானை எஃப்1க்கு ஒதுங்க, ராணி இ4 சிப்பாயையும் வெட்டிச் செக் கொடுக்கிறது. மந்திரி இ2இல் வந்து மறிக்க, கறுப்புக் குதிரை எஃப்3இல் இறங்கி மேட். இ2 மந்திரியால் குதிரையை வெட்ட முடியாது, ஏனெனில் அது நகர்ந்தால் ராஜா ராணியின் பார்வையில் வந்துவிடும். டி4 குதிரையைத் தன் குதிரையால் வெட்டியிருந்தாலோ, அமைதியாக கேஸ்லிங் செய்திருந்தாலோ வெள்ளைக்கு எந்தச் சிக்கலும் இருந்திருக்காது. இந்தப் பொறியை ஒரு பலகையில் நகர்த்திப் பாருங்கள். சும்மா கிடைக்கும் சிப்பாயை எடுக்கும் முன் எதிராளியின் அடுத்த நகர்வை ஏன் தேட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் பத்து நகர்வுகள்

திறப்பாட்டங்களை மனப்பாடம் செய்வதில் புதியவர்கள் செலவிடும் நேரம் பெரும்பாலும் வீண். உங்கள் எதிராளி நான்காம் நகர்விலேயே அந்த வரிசையிலிருந்து விலகிவிடுவார், அதன்பின் என்ன செய்வது என்று தெரியாது. நடுக் கட்டங்களில் ஒரு சிப்பாயை நிறுத்துங்கள்; குதிரைகளையும் மந்திரிகளையும் வெளியே கொண்டுவாருங்கள்; தக்க காரணமின்றி ஒரே காயை இருமுறை நகர்த்தாதீர்கள்; பத்து நகர்வுகளுக்குள் கேஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள். வெள்ளைக்கு, மேலே சொன்ன இ4, குதிரை எஃப்3, மந்திரி சி4 என்ற இத்தாலியத் திறப்பு இந்த நெறிகள் அனைத்துக்கும் இயல்பாகப் பொருந்துகிறது.

ஆனால் ஒன்றை மட்டும் நகர்வு நகர்வாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனெனில் குறைந்த ரேட்டிங்கில் அது மிகச் சாதாரணமாக வரும். சிப்பாய்கள் இ4, இ5 நகர்ந்ததும் வெள்ளை ராணி எச்5க்குப் பாய்கிறது. பதறிப்போய் ஜி6இல் சிப்பாயை வைத்து ராணியை விரட்டப் பார்ப்பவர்கள், அது இ5 சிப்பாயை வெட்டிச் செக் கொடுத்து, அடுத்து எச்8 யானையையும் எடுத்துக்கொள்வதைக் காண்பார்கள். முதலில் குதிரையை சி6இல் வைத்து இ5ஐக் காக்க வேண்டும். வெள்ளை மந்திரி சி4க்கு வந்து எஃப்7இல் மேட் மிரட்டும்போதுதான் ஜி6 சிப்பாய் நகர வேண்டும். அந்த இடத்தில் குதிரையை எஃப்6இல் வைத்து ராணியைத் தாக்க நினைத்தால் எஃப்7இல் மேட். ஜி6க்குப் பிறகு ராணி எஃப்3க்குத் திரும்பி மறுபடியும் எஃப்7ஐக் குறிவைக்கும். இப்போது குதிரையை எஃப்6இல் வையுங்கள். தாக்குதல் முடிந்தது. கறுப்பின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. வெள்ளையின் ராணியோ, தன் குதிரை வர வேண்டிய கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த நான்கு நகர்வுத் தாக்குதலை நீங்களே மற்றவர்மீது தொடுத்து எளிதாக வெல்ல விரும்பாதீர்கள். அதில் கிடைக்கும் வெற்றியில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை.

தோற்ற ஆட்டத்தைப் படிக்கும் முறை

ஆட்டம் முடிந்ததும் எஞ்சினை இயக்காதீர்கள். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் உலகின் எந்த மனிதரையும்விட வலிமையானது. அது ஒரு நொடியில் சரியான நகர்வைக் காட்டிவிடும், நீங்களும் 'ஆம், அதுதான்' என்று தலையசைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவீர்கள். விடையைப் பார்த்ததும் கற்றுவிட்டதாகத் தோன்றும் அந்த உணர்வை நம்ப முடியாது. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்ற தொடக்க ஆண்டுகளில் குகேஷ் எஞ்சின் துணையின்றியே வளர்ந்தவர் என்பது சதுரங்க ஆர்வலர்கள் நன்கறிந்த செய்தி. உலகச் சாம்பியனாக வளர்ந்த ஒருவருக்கே முதலில் சொந்தமாக யோசிக்கும் பழக்கம் தேவைப்பட்டது என்றால், நமக்கு அது எத்தனை மடங்கு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வேலை, ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்திப் பார்த்து, எந்த இடத்தில் நிலைமை கைமீறியது என்று நீங்களே முடிவுசெய்வது. வீட்டில் பலகை இருந்தால் அதில் காய்களை அடுக்கி நகர்த்துங்கள். திரையில் தப்பிப்போகும் கோடுகள் பலகையில் கண்ணில் படும். அந்த நகர்வைக் கண்டதும், அப்போது என்ன எண்ணினீர்கள் என்பதை நினைவுகூர்ந்து ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். 'குதிரையை விட்டுவிட்டேன்' என்பது போதாது. 'அவருடைய மந்திரி அந்தக் கோட்டில் இருந்ததையே பார்க்கவில்லை', 'பார்த்தேன், ஆனால் என் சிப்பாய் காப்பதாக எண்ணினேன்', 'வெல்கிறேன் என்ற மகிழ்ச்சியில் அவருடைய நகர்வைப் பார்க்காமலேயே நகர்த்தினேன்' என்பன மூன்றும் வெவ்வேறு நோய்கள், மூன்றுக்கும் மருந்து வேறு. காரணத்தை எழுத எழுத, உங்களுக்கென்றே உரிய ஒரு தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியவரும். சிலருக்கு அது தொலைவிலிருந்து வரும் மந்திரி. சிலருக்குப் பின்னோக்கி நகரும் காய். சிலருக்குக் காய்களை மாற்றிக்கொள்ளும்போது வரும் எண்ணிக்கைப் பிழை.

இரண்டாவதாக, அந்தத் தவறான நகர்வின்போது கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது என்று பாருங்கள். ஆய்வுப் பக்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் பதிவாகியிருக்கும். பதினொரு நிமிடம் கையில் இருக்கும்போது இரண்டு நொடியில் நகர்த்தி ராணியை இழந்திருந்தால், உங்களுக்குத் தேவைப்படுவது புதிய சதுரங்க அறிவு ஏதுமில்லை, நிதானம் மட்டுமே. இந்த ஒரு புள்ளியைப் பார்க்கும் பழக்கம் ஏற்பட்டாலே பலருடைய ஆட்டம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு எஞ்சினை இயக்குங்கள். நீங்கள் குறித்த இடமும் எஞ்சின் காட்டும் இடமும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவதுதான் நோக்கம். பெரும்பாலும் நீங்கள் குறித்ததற்குச் சில நகர்வுகள் முன்பே ஆட்டம் சரிந்திருக்கும், அல்லது உங்கள் எதிராளி கொடுத்த ஒரு வாய்ப்பைக் காணாமலே கடந்திருப்பீர்கள். எஞ்சின் தரும் எண் ஏறத்தாழச் சிப்பாய்க் கணக்கில் அமைந்தது. கூட்டல் குறி வெள்ளைக்கும் கழித்தல் குறி கறுப்புக்கும் சாதகம். அந்த எண் ஒரே நகர்வில் இரண்டுக்கு மேல் துள்ளும் இடங்களை மட்டும் படியுங்கள். அரைப் புள்ளி, முக்கால் புள்ளி வேறுபாடுகள் இந்த நிலையில் உங்களுக்குப் பொருளற்றவை, அவற்றின் காரணத்தைத் தேடிப் போனால் குழப்பமே மிஞ்சும். லிசெஸில் ஆய்வு முடிந்ததும் உங்கள் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டி, அந்த நிலையிலிருந்து சிறந்த நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரு வசதி இருக்கிறது. அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள். வென்ற ஆட்டங்களையும் இப்படியே பார்க்க வேண்டும், ஏனெனில் எதிராளி தண்டிக்காமல் விட்ட தவறுகள் அவற்றில்தான் ஒளிந்திருக்கின்றன.

புதிர்கள்

புதிர்களை நாள்தோறும் போட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எப்படிப் போடுவது என்பதில்தான் தவறுகிறோம். முதல் நகர்வை ஊகித்து வைத்துப் பார்த்துவிட்டு, தவறென்று சிவப்பு வந்தால் அடுத்ததை முயல்வது பயிற்சியாகாது. எதிராளியின் மிகச் சிறந்த பதில் வரை மனத்திலேயே பார்த்து முடித்த பிறகே காயைத் தொடுங்கள், அதற்கு மூன்று நிமிடம் பிடித்தாலும் சரி. லிசெஸில் புதிர்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு நகர்வில் மேட், காப்பில்லாத காய், குதிரையின் இரட்டைத் தாக்குதல், 'பின்' (நகர்ந்தால் பின்னால் உள்ள பெரிய காய் தாக்குதலுக்கு உள்ளாகும்படி ஒரு காயைக் கட்டிப்போடுவது), இரண்டு நகர்வில் மேட் என்ற வரிசையில் செல்லுங்கள். எளிதாகத் தோன்றுகிறதே என்று தள்ளிவிடாதீர்கள். புதிரில் ஏதோ இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில் அப்படி யாரும் மணியடித்துச் சொல்வதில்லை. எளிய அமைப்புகளைத் தேடாமலேயே அடையாளம் காணும் அளவுக்குக் கண் பழகினால்தான் அவை ஆட்டத்தில் உதவும். நேரத்தை எதிர்த்துப் போடும் புதிர் விளையாட்டுகள் அதற்குப் பிறகு போதும்.

முடிக்கத் தெரிய வேண்டும்

ஒரு ராணி கூடுதலாக இருந்தும் ஸ்டேல்மேட்டில் டிரா ஆகிப்போன ஆட்டம் புதியவர்கள் பலருக்கும் நேர்ந்திருக்கும். எதிராளியின் ராஜா எச்8 மூலையில் தனியே நிற்க, உங்கள் ராணி ஜி6க்கு வந்தால் அவருக்கு நகர்வே இல்லை, செக்கும் இல்லை. மூலையிலிருந்து குதிரை நகர்வுத் தொலைவில் உள்ள கட்டத்தில் ராணியை வைப்பது அபாயம் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு யானைகளைக் கொண்டு வரிசை வரிசையாக ஒதுக்கி மேட் செய்வது முதற்பாடம். அடுத்து ராஜாவும் ராணியும். அடுத்து ராஜாவும் ஒற்றை யானையும். சரியாக ஆடினால் ராணியைக் கொண்டு எந்த நிலையிலிருந்தும் பத்து நகர்வுக்குள்ளும், யானையைக் கொண்டு பதினாறு நகர்வுக்குள்ளும் முடித்துவிடலாம். நீங்கள் இருமடங்கு எடுத்துக்கொண்டாலும் ஐம்பது நகர்வு விதிக்குள் (ஐம்பது நகர்வு வரை எதுவும் வெட்டப்படாமலும் சிப்பாய் நகராமலும் இருந்தால் டிரா கேட்கலாம் என்ற விதி) அடங்கும். லிசெஸின் பலகைத் திருத்தியில் காய்களை வேண்டியபடி அமைத்து, அங்கிருந்தே கணினியோடு ஆடிப் பழகலாம். உங்கள் எதிராளிக்கும் இந்த மேட்கள் தெரியாமல் இருக்கக்கூடும் என்பதால், தோற்கும் நிலையில் உடனே ஆட்டத்தைக் கைவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ராஜாவும் சிப்பாயும் மட்டும் உள்ள இறுதியாட்டம். ராஜாவைச் சிப்பாயின் முன்னால் கொண்டுபோக வேண்டும் என்பதையும், ராஜாக்கள் ஒரு கட்ட இடைவெளியில் எதிரெதிரே நிற்கும்போது நகர வேண்டியவர் வழிவிட நேர்கிறது என்பதையும் புரிந்துகொண்டால் பல அரைப் புள்ளிகள் முழுப் புள்ளிகளாகும். இதைச் சிறுவர் பாடம் என்று எண்ண வேண்டாம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது, கடைசி ஆட்டத்தில், இருவரும் சமப் புள்ளியில் இருந்தபோது, ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிராவை நோக்கித் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த, வெள்ளையாக ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரென் தன் 55ஆம் நகர்வில் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை மாற்றினார். மந்திரியை டி5இல் வைத்து அதையும் மாற்றவைத்தார். எஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் கொண்ட, வெள்ளை தோற்கும் இறுதியாட்டம். மூன்று நகர்வுகளில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார்; பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியனானார். காய்களை மாற்றும் முன், மாற்றியபின் மிஞ்சும் சிப்பாய் ஆட்டத்தில் யார் வெல்வார் என்று பார்க்க வேண்டும் என்ற அடிப்படைக் கேள்வி, உலகச் சாம்பியன்ஷிப்பின் கடைசி மணி நேரத்திலும் அதே கேள்விதான்.

ரேட்டிங்கை எப்படிப் பார்ப்பது

லிசெஸ் கிளிக்கோ 2 என்ற முறையைப் பின்பற்றுகிறது. புதிய கணக்கு 1500இல் தொடங்கும், உங்கள் பலம் இன்னும் உறுதியாகத் தெரியாததால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், முதல் சில ஆட்டங்களில் அந்த எண் நூறு நூறாக இறங்கவும் ஏறவும் கூடும். ஆயிரத்துக்குக் கீழே போய்விட்டதே என்று மனம் தளர வேண்டாம். அது உங்களுக்கேற்ற எதிராளியைத் தேடும் வேலையை மட்டுமே செய்கிறது. செஸ்.காமின் எண்ணையும் லிசெஸின் எண்ணையும் ஒப்பிடாதீர்கள், இரண்டின் அளவுகோலும் வேறு. தினமும் எண்ணைப் பார்ப்பதைவிட, நோட்டில் எழுதிவைத்த தவறுகளில் எது இம்மாதம் வரவில்லை என்று பார்ப்பது உண்மையான அளவீடு.

அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் தோற்றால் அன்றைக்கு ரேட்டிங் ஆட்டம் போதும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். இழந்த புள்ளிகளை அன்றே மீட்க வேண்டும் என்ற வெறியில் ஆடும் மூன்றாவது ஆட்டத்தில் மேலே சொன்ன எந்தக் கேள்வியையும் மனம் கேட்காது. அந்த நேரத்தில் தோற்ற இரண்டையும் ஆராயுங்கள், அல்லது மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

ஆட்டத்தின் நடுவில் எஞ்சினிடமோ பக்கத்தில் இருப்பவரிடமோ நகர்வு கேட்பது ஏமாற்று வேலை. இரண்டு தளங்களும் அதைக் கண்டறிந்து கணக்கை முடக்குகின்றன, ஏமாற்றப்பட்டவருக்கு இழந்த புள்ளிகளைத் திருப்பித் தருகின்றன. எதிராளி ஏமாற்றுவதாகச் சந்தேகம் எழுந்தால் அவரோடு வாதாடாமல் தளத்துக்குப் புகார் அனுப்பிவிட்டு உங்கள் ஆட்டத்தைப் படிக்கப் போங்கள்.

திரையிலிருந்து பலகைக்கு

பத்து ஆட்டங்களுக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் காயைச் சும்மா விடுவதில்லை என்ற நிலை வந்ததும், உங்கள் மாவட்டத்தில் நடக்கும் ஒரு போட்டியில் பெயர் கொடுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டச் சதுரங்கக் கழகங்கள் தொடக்க நிலையினரும் கலந்துகொள்ளும் போட்டிகளை நடத்துகின்றன. இணையத்தில் கிடைத்த எண்ணை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. 2024 மார்ச் முதல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் ரேட்டிங் 1400இலிருந்துதான் தொடங்குகிறது, அதைப் பெறுவதற்கே ரேட்டிங் உள்ளவர்களோடு ஆடிப் புள்ளி எடுக்க வேண்டும். போகும் முன் மூன்றைப் பழகிக்கொள்ளுங்கள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி அங்கே உண்டு, ஆகவே யோசிக்கும்போது கை மேசைக்குக் கீழே இருக்கட்டும். நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். நீண்ட நேர ஆட்டங்களில் இரு தரப்பு நகர்வுகளையும் தாளில் எழுத வேண்டும். கட்டங்களின் பெயர்களைப் பழகியவர்களுக்கு இது சிரமமாக இராது. அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து, நகர்வுகளை லிசெஸில் ஒவ்வொன்றாக உள்ளிட்டு, எஞ்சினை இயக்கும் முன் அந்த ஆட்டத்துக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.